கூட்டுக் குடித்தனத்தில் ஒரு நோயாளி

(உயிரியல் மன்றத்தினர்)

"தவளை தன் வாயால் கெடும்" என்பது பழமொழி. மழைக்கால இரவில் ஓயாமல் கத்தி, தான் இருக்கும் இடத்தைப் பாம்புக்குத் தானே காட்டிக் கொடுத்துவிடும் என்பது அதன் பொருள். ஆனால், எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்த ஒரு தவளை தன் வாயால் கெடவில்லை. எங்கள் கையால் கெட்டது. இதைச் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறோம். எனினும், நாங்கள் அறியாமற் செய்த பிழையைப் பிறர் அறிந்து தவிர்க்க வேண்டும் என்பதற்காகவும், வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் தோழியர்க்குப் பயன்படும் என்பதற்காகவும் உயிரியல் மன்றத்தினராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், இப்பள்ளியில் படித்துச் சென்ற அக்கா ஒருவர் மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். அதனுடன் நான்கு தங்கமீன்கள், ஆறு கப்பி மீன்கள், கட்டைவிரல் நுனியளவே இருந்த இரண்டு தவளைகள் ஆகியவையும் வந்து சேர்ந்தன. ஆறாம் வகுப்புத் தங்கைகள் அத்தவளைகளுக்கு முத்து, பவளம் என்று பெயர் சூட்டினார்கள். இடைவேளை மணி அடித்ததும் தொட்டியின் முன்னே கூடும் கூட்டத்தைக் கலைத்து வகுப்புக்கு அனுப்புவது ஆசிரியைகளுக்கு ஒரு தனி வேலையாயிற்று.

இவை எந்த ஊர்த் தவளைகள்?

இவை நம் வயல்வெளித் தவளைகள் அல்ல. ஆப்பிரிக்காவின் காமரூன், காபோன், காங்கோ போன்ற நாடுகளில், மரநிழல் படிந்த ஆழமற்ற நீர்நிலைகளில் வாழும் குள்ளத் தவளைகள். விஞ்ஞானிகள் இவ்வினத்தை 'ஹைமினோகைரஸ்' என்று அழைக்கின்றனர். முழு வளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்தைத் தாண்டுவது அரிது. நம் ஊர்த் தவளை நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிப்பதை நாம் அறிவோம். இவற்றுக்கு நாக்கே கிடையாது! இரையின் அருகே மெல்லச் சென்று, வாயைச் சட்டென்று திறந்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

பிறப்பு முதல் இறப்பு வரை நீரிலேயே வாழ்ந்தபோதிலும் இவை மீன்களைப் போலச் செவுள்களால் சுவாசிப்பவை அல்ல. வளர்ந்த தவளைக்கு நுரையீரலே உண்டு. ஆகவே அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் அடியில் சென்று படுத்துக்கொள்ளும். நீரின் ஆழம் 30 செ.மீ. அளவுக்குள் இருப்பது நல்லது. ஆழம் மிகுந்தால், நோயுற்ற தவளைக்கு மேலே வரும் பயணமே பெரும் பாடாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நகத் தவளை' என்னும் மற்றோர் ஆப்பிரிக்க இனத்தின் குஞ்சுகளும் கடைகளில் இதே அளவில் விற்கப்படுவது உண்டு. அது 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, உடன் வாழும் மீன்களையே விழுங்கிவிடும். முன்னங்கால்களைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு உண்டு. நகத் தவளைக்குப் பின்னங்கால்களில் மட்டுமே உண்டு. முன்கால் விரல்கள் நம் கைவிரல்கள் போலப் பிரிந்திருக்கும்.

ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள்

தங்கமீன், கப்பி, தவளை ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் வாழ்வது ஒரு கூட்டுக் குடித்தனம் போன்றது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால், கூட்டுக் குடித்தனத்தில் வாய் பேசாத மருமகள் பட்டினி கிடப்பது போல, எங்கள் தொட்டியில் தவளைகள் பட்டினி கிடந்தன. நாங்கள் அதை அறியவே இல்லை.

காரணம் எளிது. தவளைக்குக் கண்பார்வை கூர்மையன்று. மோப்பத்தாலும், உடலின் பக்கங்களில் உள்ள நுண்ணுணர் உறுப்புகளாலும் உணவைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் தங்கமீன்கள் தொட்டியைத் துடைத்து வைத்துவிடும். மேலும், தங்கமீன் மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிவை வெளியேற்றும் மீன். அக்கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அத்தனை தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். நாங்களோ தொட்டி வந்த அன்றே நீர் நிரப்பி, அன்றே அத்தனை உயிர்களையும் குடியேற்றிவிட்டோம்!

இதில் தவளைக்கு என்ன தனி ஆபத்து என்று கேட்கலாம். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. மீனுக்குச் செதில் என்னும் கவசம் உண்டு. தவளையின் தோலோ மெல்லிய ஈரத்துணி போன்றது. நீரில் எது கரைந்திருந்தாலும், அது நஞ்சாயினும் மருந்தாயினும், தவளையின் உடலுக்குள் எளிதில் புகுந்துவிடும். இந்த ஓர் உண்மையை மட்டும் நாங்கள் முன்பே உணர்ந்திருந்தால் பின்வரும் கதை நிகழ்ந்திராது.

முத்துவுக்கு நோய் வந்தது

அக்டோபர் மாதத்தில் கப்பி மீன்களின் உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றின. அது மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய். எங்களுக்கு விலங்கியல் கற்பிக்கும் சிஸ்டர் அந்த வாரம் வெளியூர் சென்றிருந்தார். நாங்களே பணம் சேர்த்து ஒரு மருந்துப் புட்டியை வாங்கி, அதில் கண்ட அளவுப்படி தொட்டியில் ஊற்றினோம். அது மாலகைட் பச்சை என்னும் சாயம் கலந்த மருந்து. நீர் அழகிய பசுமை நிறம் பெற்றது. மறுநாள் தவளைகள் இரண்டும் தொட்டியின் மூலையில் கண்ணாடியைப் பற்றி மேலே ஏற முயன்றுகொண்டே இருந்தன. அவை விளையாடுகின்றன என்று எண்ணிச் சிரித்தோம்.

திங்கட்கிழமை சிஸ்டர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதற்கேள்வி, "மருந்து ஊற்றும் முன் தவளைகளை வெளியே எடுத்தீர்களா?" என்பதுதான். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. கையுறைகளை எடுத்து வரச் சொன்னார். அன்று மாலையே தொட்டி நீரில் பாதியை மாற்றி, வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியை இட்டோம். அக்கரி சாயத்தையும் மருந்தையும் ஈர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. கப்பி மீன்களில் நான்கு பிழைத்தன. தவளைகளும் தப்பிவிட்டன என்றே நினைத்தோம்.

நவம்பர் முதல் வாரத்தில் முத்து உணவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதன் உடல் பந்து போல உப்பிவிட்டது. அடியில் சென்று படுக்க முயன்றாலும் நெட்டியைப் போல மேலே மிதந்து வந்துவிட்டது.

எது நோய், எது இயல்பு?

இக்குள்ளத் தவளைகளின் பழக்கங்களை அறியாதவர் வீணாக அஞ்சுவதும் உண்டு. அஞ்ச வேண்டிய நேரத்தில் அசட்டையாக இருப்பதும் உண்டு. கைகால்களை விரித்தபடி சிறிது நேரம் அசையாமல் மிதப்பது இவற்றின் இயல்பு. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்வது போலக் கிடப்பதும் இயல்பு. சில நாட்களுக்கு ஒருமுறை தோல் உரித்து, அந்தத் தோலைத் தாமே உண்பதும் இயல்பு. முட்டை தாங்கிய பெண் தவளையின் வயிறு பேரிக்காய் போலப் பருத்திருப்பதும் நோயன்று.

இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருத்தல், வயிறு மட்டுமன்றித் தொடைகளும் கழுத்தும் சேர்ந்து உப்புதல், மூழ்க இயலாமை, வயிற்றிலும் தொடையிலும் செந்நிறத் திட்டுகள், காயத்தின் மீது பஞ்சு படிந்தது போன்ற பூஞ்சை, தோல் துண்டு துண்டாக உரிந்துகொண்டே இருத்தல், நீரை விட்டு வெளியேற ஓயாது முயலுதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். இவற்றுள் கடைசி அறிகுறியைத்தான் நாங்கள் விளையாட்டு என்று எண்ணியிருந்தோம்.

வீக்கம் எப்படி உண்டாகிறது?

முத்துவுக்கு வந்தது நீர்வீக்கம். நம் ஊர்ப் பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதைப் போன்றது. பத்தாம் வகுப்பில் நாம் படித்த சவ்வூடு பரவலை இங்கே நினைவுகூர வேண்டும். தவளையின் உடல்நீரில் உப்பு மிகுதி. தொட்டி நீரில் உப்பு குறைவு. ஆகவே வெளியிலுள்ள நீர் தோலின் வழியே இடைவிடாது உள்ளே வந்துகொண்டே இருக்கும். வந்த நீரைச் சிறுநீரகங்கள் இடைவிடாது வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அத்துடன், தோலுக்கடியில் தேங்கும் நிணநீரை இரத்தத்தில் சேர்ப்பதற்குத் தவளைக்கு 'நிணநீர் இதயங்கள்' என்னும் சிறிய துடிக்கும் உறுப்புகளும் உண்டு. கிருமித் தொற்றினாலோ, நஞ்சினாலோ, மூப்பினாலோ இவற்றில் ஒன்று தளர்ந்தால் போதும். ஓட்டைப் படகில் நீர் இறைப்பவன் கை ஓய்ந்தது போல, உடல் நீரால் நிறைந்துவிடும்.

சிஸ்டர் ஒரு கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, முத்துவை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். மருத்துவர் முதலில் கேட்டது எடையை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததன்றோ? வேதியியல் ஆய்வுக்கூடத் தராசில், சிறு முகவையில் நீர் வைத்து அதில் முத்துவை இட்டு நிறுத்தோம். 5.1 கிராம். மருத்துவர் மிக நுண்ணிய ஊசியால் வீக்கத்திலிருந்த நீரை எடுத்தார். ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவுதான். மீண்டும் நிறுத்தபோது 4.2 கிராம்! உடலின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நீரைச் சுமந்துகொண்டு அச்சிற்றுயிர் மூச்சுவிட மேலே வந்து போயிருக்கிறது. (இதை வீட்டில் எவரும் செய்து பார்க்கக் கூடாது. ஊசி சற்றே தவறினாலும் உள்ளுறுப்பைத் துளைத்துவிடும்.)

"நாங்கள் ஊற்றிய மருந்தால் வந்ததா, டாக்டர்?" என்று கேட்டோம்.

"அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அது நன்மை செய்யவில்லை என்பது மட்டும் உறுதி" என்றார் அவர்.

அந்தப் பதிலை இன்றும் நாங்கள் மறக்கவில்லை.

நோயாளிக்குத் தனி அறை

வீட்டில் அம்மை கண்டவரைத் தனி அறையில் வைக்கிறோம். அவரை வெறுத்தா வைக்கிறோம்? அவருக்கு ஓய்வு வேண்டும், பிறருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக. கூட்டுத் தொட்டியில் நோயுற்ற தவளைக்கும் முதல் மருந்து தனிமையே. மருத்துவரும் சிஸ்டரும் கூறியபடி நாங்கள் செய்தவை இவை:

மூடியுள்ள பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து, மூடியில் காற்றுத் துளைகள் இட்டோம். முன்பு சோப்போ வேறு இரசாயனமோ படாத டப் அது. அதில் 10 செ.மீ. உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றினோம். மூச்சு வாங்க மேலே வருவது எளிதாக வேண்டும் அல்லவா? கற்கள் போடவில்லை. ஒளிந்துகொள்ள, வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சி ஒன்றைப் பாதி கவிழ்த்து வைத்தோம். டப்பின் அடியில் வெள்ளைத்தாள் விரித்ததால், கழிவு, உரிந்த தோல், மீந்த உணவு யாவும் தெளிவாகத் தெரிந்தன.

நீரைப் பற்றித் தனியே கூற வேண்டும். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது தவளையின் தோலையும் சுடும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு முழு நாளேனும் திறந்து வைத்தால் குளோரின் அகன்றுவிடும். குளோரமின் கலந்த நீராயின் இம்முறை பயன்படாது. அதற்கெனக் கடையில் விற்கும் நீர்ச் சீராக்கியைச் சேர்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவிய நாட்களில் அந்நீரைத் தொடவே கூடாது. பெரியவர்கள் நல்லது என்று செப்புக் குடத்தில் நீர் பிடித்து வைப்பதுண்டு. மனிதருக்குச் சரி, நீரில் இறங்கும் செம்பு தவளைக்கு நஞ்சு. ஆகவே பிளாஸ்டிக் வாளியே ஏற்றது.

டப்பில் வடிகட்டி இல்லாததால் அம்மோனியா விரைவில் சேர்ந்துவிடும். எனவே நாள்தோறும் பாதி நீரை, அதே வெப்பநிலையிலுள்ள நீரால் மாற்றினோம். 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இவற்றுக்கு உகந்த வெப்பம். வலை, குவளை, வாளி யாவும் நோயாளிக்குத் தனி. முத்துவைக் கையாலோ வலையாலோ பிடிக்கவில்லை. குவளையால் நீரோடு முகந்தே மாற்றினோம். தோலின் மீதுள்ள வழவழப்பான படலம் கிருமிகளுக்கு எதிரான வேலி. உலர்ந்த கை பட்டால் அவ்வேலி அழிந்துவிடும்.

நோய் தொற்றக் கூடியதா என்று தெரியாததால், பவளத்தையும் மற்றொரு டப்பில் ஒரு மாதம் தனியே வைத்துக் கவனித்தோம். எப்போதும் நலமாயிருக்கும் பவளத்தின் வேலையை முதலில் முடித்து, கை கழுவி, அதன் பின்னரே முத்துவிடம் செல்வோம். இந்த வரிசை மாறக் கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பான கட்டளை.

உணவுக்கு உறையவைத்த இரத்தப்புழுக்களை வாங்கி, நீரில் கரைத்து, இங்க் ஃபில்லரால் முத்துவின் மூக்கருகே மெல்ல விட்டோம். ஐந்து நாட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் 'லபக்' என்று ஒரு புழுவை இழுத்துக்கொண்டது! அப்போது எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

தவளைக்கு நாம் பட்ட கடன்

மருத்துவர் தந்த மருந்துகளில் ஒன்று, நாள்தோறும் குறித்த நேரம் முத்துவை வைக்க வேண்டிய உப்புக் கரைசல். தவளைகளுக்கான 'ரிங்கர் கரைசல்' என்பது அதன் பெயர். தவளையின் உடல்நீரில் எந்த உப்புகள் எந்த அளவில் உள்ளனவோ, ஏறத்தாழ அவையே அக்கரைசலிலும் உள்ளன. உள்ளும் புறமும் சமமானால் நீர் உள்ளே பாய்வது நிற்கும். களைத்த சிறுநீரகங்கள் சற்றே ஓய்வு பெறும். எத்தனை எளிய, எத்தனை சிறந்த சிகிச்சை!

இக்கரைசலின் வரலாறு எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இலண்டனில் வாழ்ந்த சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் 1882, 1883 ஆகிய ஆண்டுகளில் தவளையின் இதயத்தை வைத்து ஆராய்ந்தார். ஓர் உப்புக் கரைசலில் அவ்விதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. பின்னர் அறிந்தார்: கரைசல் தயாரிக்கப்பட்டது வாலைவடிநீரில் அன்று, குழாய் நீரில்! வாலைவடிநீரில் செய்தபோது துடிப்பு விரைவில் தளர்ந்தது. குழாய் நீரில் இருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது என்று கண்டார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தார். அதுவே இன்று மருத்துவமனைகளில் கட்டிலருகே தொங்கும் 'ரிங்கர் லாக்டேட்' புட்டி. நம்மில் எத்தனை பேர் வயிற்றுப்போக்கினாலோ காய்ச்சலாலோ துவண்டு கிடந்தபோது அப்புட்டியால் எழுந்து உட்கார்ந்திருப்போம்! தவளையின் இதயம் கற்றுத் தந்த பாடம் அது. எங்கள் அன்னையரில் சிலர் மேனிலை வகுப்பில் தவளையை அறுத்துப் படித்தவர்கள். நாங்களோ, அதே உயிரினத்தின் ஒரு துளி உயிரைக் காக்க இரவு படிப்பு நேரத்திலும் முறை வைத்துக் காத்திருந்தோம்.

ஆனால் மனிதருக்கான கரைசலில் தவளையை வைக்கக் கூடாது. மனித இரத்தத்துக்குச் சமமான உப்புக் கரைசல் 0.9 விழுக்காடு, தவளைக்கோ 0.65 விழுக்காட்டளவே. வீட்டு உப்பைக் கைக்கு வந்தபடி போடுவதும் தவறு. அளவை மருத்துவரே கூற வேண்டும்.

முத்து சென்றது

நாள்தோறும் எடையைக் குறித்து வந்தோம். 4.2, 4.1, 4.1, 4.0 என்று குறைந்து நின்றது எங்களுக்கு நம்பிக்கை அளித்தது. பன்னிரண்டாம் நாள் 4.4. பதினைந்தாம் நாள் 4.9. மருத்துவர் மறுமுறையும் நீரை எடுத்தார். மூன்றாம் முறை வீங்கினால் மேலும் துன்புறுத்துவதில் பயனில்லை என்றும், தம்மிடம் கொண்டு வந்தால் வலியின்றி உறங்கச் செய்வதாகவும் கூறினார். (சிலர் இத்தகைய உயிர்களைக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைக்கச் சொல்வார்கள். அது இரக்கமான வழியன்று.) அதற்குத் தேவை ஏற்படவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில், முப்பத்தோராம் நாள் காலை, கொட்டாங்கச்சியின் அடியில் முத்து உயிரற்றுக் கிடந்தது.

ஆறாம் வகுப்புத் தங்கைகளிடம் சொல்வதுதான் பெரும்பாடாயிற்று. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, பவளம் தனியா இருக்குமே. அதை நம்ம கிணத்துல விட்டுடலாமா? அங்க நம்ம ஊர்த் தவளைங்க துணைக்கு இருக்குமே" என்று கேட்டாள்.

அன்பினால் பிறந்த கேள்வி. எங்கள் மருந்துப் புட்டியும் அன்பினால் வாங்கப்பட்டதுதானே? ஆகவே அவளை உட்காரவைத்து விளக்கினோம்.

ஏன் விடக் கூடாது?

தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சை ஒன்று உண்டு. 1998-இல்தான் விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தனர். அது தோலைப் பாழாக்குவதால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து, இதயம் நின்றுவிடுகிறது. 2019-இல் வெளியான ஆய்வொன்றின்படி, உலகில் 501 இருவாழ்வி இனங்கள் இப்பூஞ்சையால் குறைந்துள்ளன. அவற்றுள் 90 இனங்கள் அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. வளர்ப்புத் தவளைகளின் வாணிபம் இந்நோய் நாடு விட்டு நாடு பரவ வழியாயிற்று. நம் குள்ளத் தவளைகளிடமும் இப்பூஞ்சை காணப்பட்டுள்ளது. நலமாகத் தோன்றும் தவளையும் அதைச் சுமந்திருக்கக் கூடும். பவளத்தைக் கிணற்றில் விட்டால், துணை தேடித் தந்ததாக நாம் மகிழ்வோம். கிணற்றுத் தவளைகளுக்கோ அது கூற்றுவனை அனுப்பியதாக முடியலாம். மேலும், நகத் தவளைகளை இவ்வாறு வெளியே விட்டதாலும் அவை தப்பிச் சென்றதாலும் சிலி, பிரான்சு, போர்ச்சுகல் முதலிய நாடுகளில் அவை பெருகி, அங்குள்ள உயிர்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

எனவே உயிருள்ள தவளையை மட்டுமன்று, தொட்டியின் கழிவு நீரையும் கிணற்றிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. நாங்கள் அந்நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்த பின்னரே சாக்கடையில் ஊற்றுகிறோம். முத்துவையும் துணியில் சுற்றி, கிணற்றுக்கு எட்டத்தில், மாமரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

அச்சிறுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா கிணத்துத் தவளையும் பிழைக்கணும், இல்லையாக்கா?" என்றாள். நாங்கள் அரை மணி நேரம் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

பெற்றோர் கவனத்திற்கு

குள்ளத் தவளைகள் நலமாயிருக்கும்போதும் அவற்றின் உடலிலும் தொட்டி நீரிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக் கூடும். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் இத்தவளைகளால் பரவிய சால்மொனெல்லா தொற்று 42 மாநிலங்களில் 241 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். அஞ்சித் தொட்டியை அகற்ற வேண்டியதில்லை. தொட்டி வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொட்டி நீரில் கைவிட அனுமதிக்கக் கூடாது. இம்மூன்றும் போதும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. புதிதாக வாங்கிய மீனையோ தவளையையோ குறைந்தது ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும்.

2. தவளையைத் தங்கமீனுடன் வைக்க வேண்டாம். சிறிய, சாதுவான மீன்களே ஏற்ற துணை.

3. தவளைக்கு உணவைத் தனியே, அதன் அருகே கொடுக்க வேண்டும். அது உண்டதைக் கண்ணால் காண வேண்டும்.

4. வாயில் புகும் அளவிலான சரளைக்கல் கூடாது. மென்மணலோ, விழுங்க முடியாத பெரிய கூழாங்கல்லோ போடலாம்.

5. தொட்டிக்கு மூடி தேவை. வெளியே குதித்த தவளை விரைவில் உலர்ந்து இறந்துவிடும்.

6. கோடையில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் படும்படி செய்தால் வெப்பம் சற்றுக் குறையும்.

7. நோய் கண்டால் முதலில் தனிமை, அடுத்துத் தூய நீர், அதன்பின் மருத்துவர் சொல்லும் மருந்து. கூட்டுத் தொட்டியில் மருந்தை ஊற்றவே கூடாது. ஒருவருக்கு ஊற்றியதை அங்கு எல்லாரும் குடிக்க நேரும்.

இப்போது தங்கமீன்கள் அலுவலக முன்கூடத்தில் வேறொரு தொட்டியில் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. பவளம் தன் மாதத் தனிமையை நலமாக முடித்து, நான்கு கப்பி மீன்களுடன் பழைய தொட்டியிலேயே வாழ்கிறது. தொட்டியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. அதில் நாள்தோறும் நீரின் வெப்பம், உணவு உண்ட விவரம், நீர் மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதும் பொறுப்பை ஆறாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்துவிட்டோம். நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் கைப்பட இவ்வாறு எழுதி வைத்திருக்கிறோம்: "எதையும் ஊற்றும் முன் கேள். கேட்க ஆளில்லாவிட்டால் காத்திரு."

முத்துவிடம் நாங்கள் கற்ற பாடம் அதுவே. வாயில்லா உயிர்களிடம் அன்பு காட்டுவது எளிது. அந்த அன்பு அவற்றுக்கு நன்மையாக முடிய வேண்டுமானால், அறிவும் பொறுமையும் அதனுடன் சேர வேண்டும். அடுத்த ஆண்டு இந்தத் தொட்டியைப் பார்க்க வரும் தோழியரே, கண்ணாடியைத் தட்டாதீர்கள். பவளம் மூச்சு வாங்க மேலே வரும் வரை சற்று நின்று பாருங்கள்.